திருடன் இல்லாத பூட்டு

பூட்டு என்றால் அதற்கு எதிரே ஒரு திருடன் நிற்க வேண்டும். வாசற்கதவின் பூட்டும் பீரோவின் பூட்டும் கோயில் உண்டியலின் பூட்டும் அவனை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டவை. குளியலறைக் கதவில் இருக்கும் பூட்டுக்கு அப்படியொரு எதிரி கிடையாது. உள்ளே போய்த் திருடுவதற்கு ஒரு சோப்பும் ஒரு வாளியும்தான் இருக்கின்றன. அது நிறுத்தி வைப்பது வீட்டு மனிதர்களையே: அலுவலகத்துக்கு நேரமாகிவிட்ட அண்ணனை, ஊரிலிருந்து வந்திருக்கும் சித்தப்பாவை, எந்தக் கதவையும் தள்ளிப் பார்த்துவிடும் மூன்று வயதுப் பேத்தியை.

உள்ளே இருப்பவர் கலவரமில்லாமல் குளித்து முடிக்கும்வரை அது யாரையும் விடக் கூடாது. அவர் வழுக்கி விழுந்தாலோ மயங்கினாலோ, அதே மனிதர்களை ஒரு நிமிடத்துக்குள் உள்ளே விட்டாக வேண்டும். இதற்கு நடுவில் நாள் தவறாமல் ஈரத்தில் கிடக்க வேண்டும். இத்தனை வேலை செய்யும் பொருளை நாம் வீட்டு வேலையின் ஆகக் கடைசியில், பணமும் பொறுமையும் தீர்ந்துபோன வாரத்தில், பளபளப்பைப் பார்த்து வாங்கிவிடுகிறோம். அது நம் கதவுக்கு வந்து சேர்ந்த வழி தெரிந்தால் கொஞ்சம் வேறு மாதிரி வாங்குவோம்.

அடுக்குமாடி வீடுகளில் இப்போது பரவலாகப் பொருத்தப்படும் செட் ஒன்றை எடுத்துக்கொள்வோம். கதவின் இரு பக்கமும் நீளக் கைப்பிடி. உள்பக்கம், விரலால் திருப்புகிற சின்னத் திருகு. வெளிப்பக்கம், அதே இடத்தில் கீறல் போல ஒரு பள்ளம். கதவின் விளிம்புக்குள் புதைந்து கிடக்கும் ஒரு தாழ்ப்பெட்டி. கைப்பிடி பித்தளை.

சுவர்களாகிப்போன குடுவைகள்

பித்தளையில் பாதிக்கு மேல் செம்பு. மிச்சத்தில் பெரும்பகுதி துத்தநாகம். செம்பை உருக்க மனிதன் வெகு காலம் முன்பே கற்றுக்கொண்டான். துத்தநாகம் அவனை நெடுநாள் அலைக்கழித்தது. காரணம் எளிது: அது 907 டிகிரி செல்சியஸில் கொதித்து ஆவியாகிவிடும். தாதுவிலிருந்து அதைப் பிரிப்பதற்கோ அதைவிட அதிகச் சூடு வேண்டும். ஆக, உலைக்குள் பிறக்கும்போதே அது ஆவியாகப் பிறக்கிறது. காற்றுப் பட்டால் வெள்ளைப் புகையாக எரிந்து போகிறது. உலையைத் திறந்து பார்த்தால் கையில் ஒன்றும் மிஞ்சாது.

ராஜஸ்தானில் உதய்ப்பூருக்குத் தெற்கே உள்ள ஜாவர் மலைக்காரர்கள் இதற்கு ஒரு வழி கண்டார்கள். கத்தரிக்காய் வடிவத்தில் களிமண் குடுவைகள் செய்து, தாதுவை உள்ளே அடைத்து, வாய் கீழே பார்க்கும்படி கவிழ்த்து உலையில் அடுக்கினார்கள். ஓர் உலைக்கு 36 குடுவை. மேலே நெருப்பு, கீழே குளிர்ந்த அறை. ஆவி மேலே போக வழியில்லாமல் கீழே இறங்கி, குளிர்ந்து, உலோகமாகச் சொட்டியது. பல நூற்றாண்டு காலம் அங்கே இது பெருந்தொழிலாக நடந்திருக்கிறது. ஐரோப்பாவில், பிரிஸ்டல் நகரத்து வில்லியம் சாம்பியன் துத்தநாகம் வடிக்கும் முறைக்குக் காப்புரிமை வாங்கியது 1738இல். அவருடைய முறையிலும் ஆவி கீழ்நோக்கித்தான் இறங்கியது. வேலை முடிந்த குடுவைகளை ஜாவர் மக்கள் வீணாக்கவில்லை. வீட்டுச் சுவர்களாக அடுக்கிக்கொண்டார்கள். அந்தச் சுவர்களில் சில இன்றும் நிற்கின்றன. 1988இல் அமெரிக்க உலோகவியல் கழகம் அந்த இடத்தை உலோகவியலின் வரலாற்றுச் சின்னமாக அறிவித்தது. ஜாவரில் சுரங்க வேலை இன்னமும் நடக்கிறது.

சூட்டுக்குச் சீக்கிரம் வசப்படும் துத்தநாகத்தின் குணம் நம் கைப்பிடி வரைக்கும் கூடவே வருகிறது. அது சீக்கிரம் உருகும். சிறிதளவு அலுமினியம் சேர்த்தால், ஏறத்தாழ 400 டிகிரிக்குள்ளேயே உருகி, அச்சில் அழுத்தினால் நினைத்த வடிவத்தில் வந்து நிற்கும். அதனால்தான் கடையில் ‘ஜிங்க்’ என்று சொல்லிக் குறைந்த விலைக்குக் கிடைக்கும் கைப்பிடிகளில் அத்தனை வளைவும் வேலைப்பாடும். பித்தளையை அப்படி வளைக்கச் சூடும் கூலியும் அதிகம் வேண்டும்.

ஜாம்நகரில் உருகுவது

சுரங்கத்திலிருந்து நேராகக் கைப்பிடியாகும் பித்தளை கொஞ்சம்தான். நம் நாட்டில் பித்தளைப் பொருள்களுக்குப் பெரிய தாய்வீடு குஜராத்தின் ஜாம்நகர். அங்கே உருகுவதில் பெரும்பங்கு பழைய பித்தளை. வெளிநாட்டுக் குழாய்கள், வால்வுகள், இடித்த வீடுகளின் கதவுச் சாமான்கள் என்று கலந்து கட்டிக் கப்பலில் வந்து இறங்குகின்றன. உலகப் பழைய உலோகச் சந்தையில் ஒவ்வொரு தரத்துக்கும் ஒரு சங்கேதப் பெயர் உண்டு; மஞ்சள் பித்தளைக்கு ‘ஹனி’. ஜாம்நகரின் சங்கர் டெக்ரி, தரேட் தொழிற்பேட்டைகளில் அதை வகை பிரிக்கிறார்கள். இரும்புத் திருகாணி, ரப்பர் வாஷர், ஈயப் பற்று எல்லாவற்றையும் கழித்துவிட்டு உலையில் போட்டு, கம்பிகளாக இழுக்கிறார்கள்.

கடைசல் வேலைக்குப் போகும் கம்பியில் 3 சதவீதம் வரை காரீயம் கலந்திருக்கும். காரீயம் இருந்தால் கடைசல் எந்திரத்தில் பித்தளை நீளச் சுருளாக வராமல் பொடிப்பொடியாக உதிரும். வேலை வேகமாக நடக்கும். கைப்பிடியின் தண்டு, திருகு, சின்னச் சின்ன வளையங்கள் இந்தக் கம்பியிலிருந்து பிறக்கின்றன. கைப்பிடியின் உடல் வேறு வழியில் வருகிறது: பழுக்கக் காய்ச்சிய துண்டை அச்சில் வைத்து ஓங்கி அடிக்கிறார்கள், அல்லது வார்க்கிறார்கள். அடித்துச் செய்தது கெட்டி. வார்த்ததில் உள்ளே காற்றுக் குமிழ் தங்கியிருக்கலாம். அது மேற்பூச்சுக்குக் கீழே ஒளிந்திருந்து, சில வருடம் கழித்துக் கொப்புளமாக எழும்பும்.

அலிகாரும் திண்டுக்கல்லும்

கைப்பிடி ஓர் ஊரில் பிறக்க, தாழ்ப்பெட்டி பெரும்பாலும் வேறோர் ஊரில் பிறக்கிறது. வரிப் பட்டியல்கூட இரண்டையும் பிரித்தே வைத்திருக்கிறது. பூட்டுகள் 8301ஆம் தலைப்பில். கதவுச் சாமான்கள் 8302இல்.

பூட்டுக்கு அலிகார். உத்தரப்பிரதேசத்து இந்த ஊரில் 1870இல் ஜான்சன் அண்டு கம்பெனி என்ற ஆங்கில நிறுவனம் கடைவிரித்ததிலிருந்து தொழில் வளர்ந்ததாகச் சொல்வார்கள். இன்று அங்கே ஒரு பூட்டு ஒரே கூரையின் கீழ் உருவாவது அபூர்வம். தகடு வெட்டுவது ஒரு பட்டறை, ஸ்பிரிங் சுற்றுவது இன்னொன்று, மெருகிடுவது ஒரு சந்து, முலாம் போடுவது ஒரு சந்து. ஊர்க்கோட்டையைச் சுற்றியுள்ள பழைய தெருக்களில் வீட்டுத் திண்ணையிலேயே பெண்கள் பாகங்களைக் கோக்கிறார்கள். மெருகுச் சக்கரத்தின் முன்னால் உட்காருபவர் நாள் முழுவதும் உலோகத் தூசியைச் சுவாசிக்கிறார். முலாம் தொட்டியில் இருப்பது குரோமிக் அமிலம். நாம் கடையில் விரலால் தடவிப் பார்க்கும் வழவழப்புக்கு அவர்களுடைய நுரையீரல் ஒரு விலை கொடுத்திருக்கிறது.

தமிழ்நாட்டில் பூட்டுக்கு ஓர் ஊர் இருக்கும்போது குளியலறைப் பூட்டு ஏன் அவ்வளவு தூரத்திலிருந்து வர வேண்டும் என்று கேட்கலாம். திண்டுக்கல் பூட்டு கைவேலை. மாங்காய்ப் பூட்டு முதல் கோயில் கதவுக்கான பெரிய பூட்டு வரை, சாவியையும் நெம்புகோலையும் ஒன்றுக்கொன்று பொருந்தும்படி அரத்தால் ராவி ராவிச் செய்வார்கள். 2019இல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஆனால் அந்தக் கைத்திறன் முழுவதும் செலவாவது ஒரு கேள்வியில்: இந்தச் சாவி அந்தப் பூட்டை மட்டும் திறக்க வேண்டும். குளியலறைக்கு அந்தக் கேள்வியே எழுவதில்லை. அதற்குத் தேவை சாவியில்லாத, ஒரே மாதிரியான, மலிவான பத்தாயிரம் பெட்டிகள். அது எந்திரத்தின் வேலை. அலிகார் அதை எடுத்துக்கொண்டது. எந்திரப் பூட்டின் விலையோடு போட்டி போட முடியாமல் திண்டுக்கல் பட்டறைகள் ஒவ்வொன்றாக ஓய்ந்தது தனிக் கதை.

சாவியை விட்டு விலகிய கிளை

பூட்டின் சரித்திரம் பெரும்பாலும் சாவியின் சரித்திரம். பழைய எகிப்தின் மரப்பூட்டிலிருந்து, 1860களில் அமெரிக்காவில் லைனஸ் யேல் காப்புரிமை பெற்ற முள்பூட்டு வரை எல்லோரும் யோசித்தது, தவறான சாவியை எப்படித் தோற்கடிப்பது என்றுதான். குளியலறைப் பூட்டு அந்த வம்சத்தில் சாவியை விட்டு விலகிப் போன கிளை.

அதன் முன்னோரில் ஒருவர் லண்டனைச் சேர்ந்த ஆர்தர் ஆஷ்வெல். பொதுக் கழிப்பறைகள் பெருகிய காலம் அது. வெளியே நிற்பவர் கதவைத் தட்டிக் கேட்காமலேயே உள்ளே ஆள் இருப்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். தாழைத் தள்ளினால் வெளியே ‘காலி’ மறைந்து ‘ஆள் இருக்கிறது’ என்று காட்டும் தாழ்ப்பாளுக்கு அவர் 1880களில் காப்புரிமை பெற்றார். நம் கிராமங்களில் கீற்று மறைப்பின் மேல் ஒரு துண்டைப் போட்டுவிட்டுப் போனால் அதே சேதி போய்ச் சேர்ந்துவிடும். துண்டுக்கு மரியாதை உண்டு, பலம் இல்லை.

இன்னொருவர் வால்டர் ஷ்லேக். ஜெர்மனியில் பிறந்து சான்ஃபிரான்சிஸ்கோவுக்குப் போனவர். 1909இல் அவர் வாங்கிய முதல் காப்புரிமை, கதவுப் பூட்டோடு மின்விளக்கையும் இயக்கும் ஓர் அமைப்புக்கு. 1920களில் அவர் உருவாக்கியதுதான் நாம் ‘ரவுண்டு லாக்’ என்று சொல்லும் குமிழ்ப் பூட்டு. கதவில் ஒரு வட்ட ஓட்டை, இரு பக்கமும் குமிழ், உள்குமிழின் நடுவில் அழுத்தினால் பூட்டிக்கொள்ளும் பொத்தான். உள்ளிருந்து குமிழைத் திருப்பினாலே பொத்தான் தானாக விடுபட்டுவிடும். பூட்டியதை மறந்துவிட்டவர்கூட மாட்டிக்கொள்ள மாட்டார். வெளிக்குமிழின் நடுவில் ஒரு நுண்துளை. மெல்லிய கம்பியை விட்டு அழுத்தினால் திறந்துகொள்ளும்.

இந்த இரண்டு சிந்தனையும் சேர்ந்து கண்முன் இருப்பது விமானத்தின் கழிவறையில். தாழைத் தள்ளியதும் உள்ளே விளக்குப் பிரகாசமாகிறது. வெளியே அடையாளம் சிவப்பாகிறது. பல விமானங்களில் ‘லாவட்டரி’ என்று எழுதிய தகட்டைத் தூக்கினால் பணிப்பெண் அதைத் திறக்க ஒரு வழி இருக்கிறது. நம் செட்டின் வெளிப்பக்கத்துப் பள்ளமும் அதே வேலைக்குத்தான். ஒரு ரூபாய் நாணயத்தையோ தட்டை ஸ்க்ரூ டிரைவரையோ வைத்துத் திருப்பினால், உள்ளே இருக்கும் திருகு சேர்ந்து திரும்பும், தாழ் விலகும். இந்தப் பூட்டில் ஆக முக்கியமான பாகம் எதுவென்று கேட்டால், ஒரு விரல் நகம் அளவுகூட இல்லாத இந்தக் கீறல்தான்.

மண்ணடியில் ஒரு மதியம்

அலிகாரிலிருந்து லாரி 2,000 கிலோமீட்டருக்கு மேல் ஓடிச் சென்னை வருகிறது. பாரிமுனையை ஒட்டிய மண்ணடித் தெருக்களில் மொத்தக் கடை; அங்கிருந்து ஊர் ஊராகச் சில்லறைக் கடை. அட்டைப்பெட்டிக்குள் கைப்பிடி இரண்டு, சதுரத் தண்டு, தாழ்ப்பெட்டி, நிலையில் பதிக்கும் தகடு, திருகாணிப் பொட்டலம், ஓட்டை போடும் இடம் குறித்த காகிதம்.

கடையில் முதல் கேள்வியைப் பெரும்பாலும் வாங்க வந்தவர் கேட்பதில்லை, கடைக்காரர் கேட்கிறார்.

“பெட்ரூமுக்கா, பாத்ரூமுக்காங்க?”

“பாத்ரூமுக்குத்தான்.”

“கதவு என்னங்க? மரமா, ஃப்ளஷ் டோரா, பி.வி.சி.யா?”

அந்த இரண்டாவது கேள்வியில் பாதித் தேர்வு முடிந்துவிடுகிறது. பி.வி.சி. கதவு உள்ளே பொள்ளல். விளிம்பைக் குடைந்து பெட்டியைப் புதைத்தால் பிடிமானம் இருக்காது. உள்ளே மரக்கட்டை வைத்துச் செய்த கதவாக இருக்க வேண்டும். இல்லையென்றால் ரவுண்டு லாக்கோ, மேலே வைத்துத் திருகும் தாழ்ப்பாளோதான் நிற்கும். ஃப்ளஷ் டோரில் பூட்டு வரும் இடத்தில் ஒரு கட்டை வைத்தே தயாரிப்பார்கள். அது எந்தப் பக்கம் என்று கதவிலேயே குறித்திருக்கும். அதைப் பார்க்காமல் கதவைத் தலைகீழாக மாட்டிவிட்டால் பூட்டுக்கு வெறும் பொள்ளல்தான் மிஞ்சும்.

அடுத்தது அளவு. கதவின் விளிம்பிலிருந்து கைப்பிடித் தண்டின் நடு வரை உள்ள தூரம். குளியலறைக்கென்று கடைக்காரர் எடுத்துப் போடும் சின்னத் தாழ்ப்பெட்டிக்கு ‘பேபி லாட்ச்’ என்று பெயர். இந்தத் தூரம் 45 மில்லிமீட்டர், 60 மில்லிமீட்டர் என்று வரும். நீளக் கைப்பிடிக்கு 45 போதும். குமிழுக்கு அது பத்தாது. திருப்பும்போதெல்லாம் விரல் முட்டி நிலையில் உரசும். குளியலறைக் கதவு பெரும்பாலும் இரண்டரை அடி அகலம்தான், சட்டமும் ஒடுக்கம். ஆகவே இங்கே நீளக் கைப்பிடி இடத்துக்குப் பொருந்துகிறது. கைக்கும் அதுதான் நல்லது. சோப்பு நுரையோடு குமிழைத் திருப்பிப் பார்த்தவருக்குத் தெரியும், அது கைக்குள்ளேயே சுழலும். நீளக் கைப்பிடியை முழங்கையாலும் அழுத்தலாம், மூட்டுவலிக்காரர் மூடிய முஷ்டியாலும் அழுத்தலாம். நுனி கதவை நோக்கி மடங்கியிருப்பதாகப் பார்த்து வாங்கினால் முந்தானையும் துப்பட்டாவும் சட்டைப் பையும் அதில் மாட்டாது.

பிறகுதான் உலோகம். கையில் தூக்கிப் பாருங்கள். ஒரே பருமனில் பித்தளை கனம். ஜிங்க் அதைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு கனம் குறைவு. அலுமினியம் மூன்றில் ஒரு பங்குகூட வராது. பூச்சுக்கு மேலே பார்த்தால் எல்லாம் ஒரே முகம். திருகாணி ஓட்டையின் உள்விளிம்பைப் பாருங்கள்; மஞ்சள் தெரிந்தால் பித்தளை, சாம்பல் தெரிந்தால் ஜிங்க். காந்தம் இரும்பைக் காட்டிக்கொடுக்கும், மற்றதைக் காட்டாது. ‘எஸ்.எஸ்.’ என்றால் எந்த எண் என்று கேளுங்கள். 304இல் ஏறத்தாழ 18 சதவீதம் குரோமியம், 8 சதவீதம் நிக்கல். 202இல் நிக்கலைக் குறைத்து மாங்கனீஸ் போட்டிருப்பார்கள். ஈரத்தில் சீக்கிரம் புள்ளி விழும். கடற்கரை ஊர்களுக்கு மாலிப்டினம் சேர்ந்த 316 இன்னும் நன்று, விலையும் அதற்கேற்ப.

பித்தளைக்கு ஒரு தனிப் பெருமை உண்டு. 1983இல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் ஃபில்லிஸ் குன் என்ற ஆய்வாளர், மருத்துவமனைக் கதவுக் குமிழ்களில் கிருமிகளைத் தேடினார். எஃகில் அவை நிறைய இருந்தன. பித்தளையில் மிகக் குறைவு. செம்பு கலந்த உலோகம் கிருமிகளைக் கொல்லும் என்பதை அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை 2008இல் அதிகாரபூர்வமாக ஏற்றுப் பதிவு செய்தது. கழிவறைக் கதவுக்கு இதைவிடப் பொருத்தமான உலோகம் ஏது? ஆனால் ஒரு நிபந்தனை: பித்தளை பித்தளையாகவே கையில் பட வேண்டும். மேலே நிக்கலும் குரோமும் பூசி, அல்லது அரக்கு அடித்து விற்கும் கைப்பிடியில் அந்தக் குணம் பூச்சுக்குள் அடைபட்டுவிடுகிறது. கறுக்கும், தேய்க்க வேண்டும் என்று அஞ்சி நாம் பூச்சைத்தான் கேட்டு வாங்குகிறோம்.

கேட்காமல் விட்டுவிடும் கேள்வி ஒன்று இருக்கிறது. கைப்பிடி பித்தளை, சரி. உள்ளே போகிற பெட்டி என்ன உலோகம்? பல செட்டுகளில் அது துத்தநாக முலாம் போட்ட வெறும் இரும்புத் தகடு. குளியலறையின் ஈரம் கதவின் விளிம்பில்தான் தங்கும். முகம் பொன்னாக மின்னிக்கொண்டிருக்க, உள்ளே பெட்டி துருவேறி ஸ்பிரிங் ஒடிந்து போகும். செலவுக்கு ஒரு வரம்பு இருக்குமானால் கைப்பிடியில் மிச்சம் பிடித்து, பெட்டியையும் அதிலிருந்து நீளும் நாக்கையும் எஸ்.எஸ்.ஸிலோ பித்தளையிலோ வாங்குவதே கெட்டிக்காரத்தனம்.

ஆசாரியின் உளி

பொருத்துவது ஒரு மணி நேர வேலை. தரையிலிருந்து ஏறத்தாழ ஒரு மீட்டர் உயரத்தில் கோடு போட்டு, விளிம்பைக் குடைந்து, பெட்டியை இறக்கி, இரு பக்கமும் தண்டுக்கு ஓட்டை. நாக்கின் சாய்வு கதவு மூடும் பக்கம் பார்க்க வேண்டும். மாறியிருந்தால் பெரும்பாலான பெட்டிகளில் நாக்கை இழுத்துத் திருப்பிப் போட்டுக்கொள்ளலாம். குடைந்த பள்ளத்துக்குள் ஒரு கை வார்னிஷ் அடித்துவிட்டுப் பெட்டியை இறக்கும் ஆசாரி கிடைத்தால் அந்த வீடு கொடுத்துவைத்தது. ஈரம் மரத்துக்குள் புகும் வாசலே அந்தப் பள்ளம்தான்.

திருகாணி சின்ன விஷயமாகத் தோன்றும். பித்தளைக் கைப்பிடியை இரும்புத் திருகாணியால் முடுக்கினால், ஈரத்தில் இரண்டு உலோகமும் சேர்ந்து ஒரு மின்கலம் போல வேலை செய்யும், அரிபடுவது இரும்புதான். கைப்பிடி ஆடத் தொடங்குவதற்குப் பாதிக் காரணம் இது. பொட்டலத்தில் வந்தது இரும்பாக இருந்தால் எடுத்துப் போட்டுவிட்டு எஸ்.எஸ். திருகாணி வாங்கிக் கொடுப்பது சில ரூபாய்ச் செலவு.

அதைவிடப் பெரிய முடிவு, பூட்டுக்கு முன்னாலேயே எடுத்திருக்க வேண்டியது: கதவு எந்தப் பக்கம் திறக்கிறது? நம் வீடுகளில் அது வழக்கமாக உள்ளே திறக்கும். உள்ளே ஒருவர் விழுந்து கதவின் மேலேயே சாய்ந்துவிட்டால், வெளியிலிருந்து தாழைத் திறந்தும் பயனில்லை, கதவு நகராது. வயதானவர்கள் இருக்கும் வீட்டில் வெளியே திறக்கும் கதவோ, இடமில்லையென்றால் பக்கவாட்டில் நகரும் கதவோ வைப்பது, எவ்வளவு விலை உயர்ந்த பூட்டைவிடவும் மேல்.

ஈரத்தில் ஓர் ஆயுள்

பொருத்திய பிறகு நம் செட்டின் வாழ்க்கை தண்ணீரோடுதான். ஆழ்துளைக் கிணற்றின் உப்பு நீர் தெறித்துக் காய்ந்து வெள்ளைப் படலம் விடும். அதைப் போக்க வாரம் ஒருமுறை தரையில் ஊற்றும் ஆசிட்தான் உண்மையான எமன். ஹைட்ரோகுளோரிக் அமிலத்தின் ஆவி மூடிய அறையில் மேலெழும்பிக் கைப்பிடியின் மேல் படியும். குரோம் பூச்சின் கனம் ஒரு மைக்ரானுக்கும் கீழே. அதன் ஊசித்துளை வழியே குளோரைடு உள்ளே போகும்; பூச்சில்லாத 304 எஃகிலும் துருப்புள்ளி வைக்கும். பித்தளையிலிருந்து துத்தநாகத்தை மட்டும் கரைத்து, இளஞ்சிவப்புத் திட்டை விட்டுச் செல்லும். ஆசிட் ஊற்றினால் கதவையும் ஜன்னலையும் திறந்து வைத்து, முடிந்ததும் கைப்பிடியை நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்து உலர்த்திவிட வேண்டும். உப்புப் படலத்துக்குத் தண்ணீர் கலந்த வினிகரை ஒரு துணியில் தொட்டு ஒற்றி, உடனே கழுவினால் போதும்.

மழைக்காலத்தில் மரக்கதவு உப்பும். நாக்கு நிலைத்தகட்டின் ஓட்டையோடு நேர்படாமல், கதவை இடித்துத் தூக்கித் தாழிடும்படி ஆகும். பூட்டுக் கெட்டுவிட்டது என்று பலர் மாற்றுவது இந்தப் பருவத்தில்தான். தகட்டின் ஓட்டையை அரத்தால் ஒரு நூலளவு ராவினால் சரியாகிவிடும். தொங்கிப்போன கீலின் திருகாணியை முடுக்கினாலே சில சமயம் போதும். நாக்கு இறுகினால் தேங்காயெண்ணெய் விடும் வழக்கம் வேண்டாம். அது சோப்புத் தூளையும் தூசியையும் பிடித்துப் பிசினாகிவிடும். பென்சில் முனையின் கிராஃபைட்டோ மெழுகுவர்த்தியோ தேய்த்தால் வழுக்கும்.

கைப்பிடி தன் கனத்தால் கீழே தொங்கத் தொடங்கினால் உள் ஸ்பிரிங் தளர்ந்துவிட்டது என்று பொருள். பெட்டியை மட்டும் மாற்றினால் பித்தளை இன்னொரு ஆயுள் இருக்கும். தண்டு பெரும்பாலும் 8 மில்லிமீட்டர் சதுரம்; புதுப் பெட்டி பழைய கைப்பிடிக்குப் பொருந்திவிடும். முழு செட்டையும் கழற்றிக் காயலான் கடைக்குப் போட்டால் எடைக்குக் காசு வரும். அதே காசில் பாதிக்கு ஒரு பெட்டி வாங்கியிருக்கலாம்.

தட்டியும் திறக்காதபோது

இவ்வளவு தூரம் வந்த பொருளின் தகுதி தெரிவது, ஒருவேளை ஆயுளில் ஒரே ஒருமுறைதான். குழந்தை உள்ளே போய்த் திருகைத் திருப்பிவிட்டு, எதிர்ப்பக்கம் திருப்பத் தெரியாமல் அழுகிறது. தாத்தா குளிக்கப் போய் நேரமாகிவிட்டது, கூப்பிட்டால் பதில் இல்லை. காற்றோட்டமில்லாத குளியலறைக்குள் வைத்த எரிவாயு கீசர் கார்பன் மோனாக்சைடைக் கக்கி, உள்ளே இருப்பவருக்குக் கூப்பிடும் நினைவே இல்லாமல் செய்துவிட்டது. அந்த மாதிரி கீசரைக் குளியலறைக்குள் வைக்கவே கூடாது. வைத்த வீடுகள் இருக்கின்றன. அவற்றில் கதவை உடைக்க எடுக்கும் ஒவ்வொரு நிமிடமும் உயிருக்குக் கணக்கு.

நம்மில் பலர் அந்த நிமிடங்களை நாமே வாங்கி மாட்டி வைக்கிறோம். புது செட்டில் வெளிப்பள்ளம் இருக்கும். அதை நம்பாமல், ‘இருக்கட்டுமே, பாதுகாப்பு’ என்று உள்பக்கம் மேலே ஒரு தாழ்ப்பாளையும் திருகி வைப்போம். மேல் தாழ்ப்பாளை வெளியிலிருந்து திறக்க ஒரு வழியும் கிடையாது, கடப்பாரையைத் தவிர. குடும்பத்தார் மட்டும் புழங்கும் வீட்டில் அது தேவையில்லை. விடுதி, பள்ளி, வேலையிடம் போன்ற இடங்களின் கணக்கு வேறு. அங்கே கதவுக்கு வெளியே நிற்பவர் முன்பின் தெரியாதவராக இருக்கலாம். தாழ் சரியாக விழாத கழிவறைக்குப் பெண்பிள்ளைகள் போக மாட்டார்கள். நாள் முழுவதும் தண்ணீர் குடிக்காமல் அடக்கிக்கொண்டு வீடு திரும்புவார்கள். அங்கே உறுதியான தாழும் வேண்டும், பொறுப்பில் இருப்பவர் மட்டும் திறக்கக்கூடிய வழியும் வேண்டும்.

வீட்டுக்கு விதி எளிது. மேல் தாழ்ப்பாள் இருந்தால் கழற்றிவிடலாம். வெளிப்பள்ளத்தில் எது பொருந்துகிறது, நாணயமா ஸ்க்ரூ டிரைவரா என்று பார்த்து, அதைக் கதவுக்கு அருகில், குழந்தையின் கைக்கு எட்டாத ஓர் இடத்தில் வைத்துவிடலாம். வீட்டில் எல்லோருக்கும், வேலைக்கு வரும் அக்காவுக்கும் சேர்த்து, அதை எப்படித் திருப்புவது என்று காட்டிவிடலாம். புது செட் பொருத்தும் நாளில் ஒருவரை உள்ளே அனுப்பித் தாழிடச் சொல்லுங்கள். வெளியே நின்று நீங்களே திறந்து பாருங்கள். திறந்த பிறகு ஆசாரிக்குக் கூலியைக் கொடுங்கள்.